படிவத்தில் மதம் என்ற கட்டம்

அன்பு மகன் சேவியருக்கு,

நீ அனுப்பிய சம்பளச் சீட்டின் படத்தைப் பார்த்தேன். ஜெர்மன் மொழி தெரியாவிட்டாலும் எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தானே. வருமான வரிக்குக் கீழே தனி வரியாகக் கோயில் வரி, அரசாங்கமே திருச்சபைக்காகப் பிடித்துக் கொடுப்பது. உங்கள் மாநிலத்தில் அது வருமான வரித் தொகையில் நூற்றுக்கு எட்டு என்று எழுதியிருக்கிறாய். உன் சித்தப்பா அதைச் சம்பளத்திலேயே நூற்றுக்கு எட்டு என்று எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரப் பங்குச்சாமியார்களை ஒரு மாலை முழுவதும் திட்டித் தீர்த்தார். விளக்கிச் சொன்ன பிறகும் திட்டுவதை நிறுத்தவில்லை. அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

அடுத்த மாதம் ஷ்டுட்கார்ட் பதிவு அலுவலகத்துக்குப் போய், கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போடப்போகிறாய் என்கிறாய். அதற்கு மூன்று காரணம் சொல்கிறாய். பணம் ஒன்று. ஜெர்மனியில் குருக்கள் சிறுவர்களுக்குச் செய்த கொடுமை இரண்டாவது. நம் ஊர்க் கல்லறைத் தோட்டம் மூன்றாவது. கடைசியில், விசுவாசம் மனத்தில் இருந்தால் போதாதா அம்மா, அரசாங்கப் படிவத்தில் எதற்கு என்று ஒரு கேள்வி. தொலைபேசியில் பேசினால் நாம் இருவரும் சத்தம்தான் போடுவோம். ஆகையால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதல் காரணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பணம் உன்னுடையது, நீ உழைத்தது. நம் ஊரிலும் தலைக்கட்டு வரி இருக்கிறது. வரி பாக்கி இருந்தால் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கும் நேரத்தில் கணக்குப்பிள்ளை நோட்டைப் புரட்டுவதை நீயே பார்த்திருக்கிறாய். அங்கே அதையே கணினியில் செய்கிறார்கள், அவ்வளவுதான். 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த ஏற்பாட்டை 1949இல் புதிய அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று படித்தேன். அரசாங்கமே வசூலித்துக் கொடுத்துவிடுவதால், கோயிலுக்குத் தன் மக்களைப் பார்த்துக் கையேந்த வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அது திருச்சபைக்கு நல்லதா என்று எனக்கு ஐயம்தான். கையேந்துகிறவனுக்காவது கொடுப்பவன் முகம் தெரியும். ஆனாலும் ஒன்றை மறந்துவிடாதே. நீ சிறுவனாக இருந்தபோது நம் தெருப் பெண்கள் தையல் கற்றுக்கொண்ட கொட்டகை ஜெர்மன்காரர்களின் காணிக்கையில் வந்தது என்றுதான் எல்லோரும் சொன்னோம். 1958இல் அந்நாட்டு ஆயர்கள் தொடங்கிய மிசெரியோர் போன்ற அமைப்புகள் வழியாக, முகம் தெரியாத யாரோ தவக்காலத்தில் போட்ட காசு நம் ஊர்ப்பக்கமெல்லாம் வந்திருக்கிறது. அதற்காக நீ கடன் அடைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பணத்துக்காக விலகுவதென்றால் பணத்துக்காக என்றே சொல்லிவிட்டு விலகு. மனசாட்சி என்று அதற்குப் பெயர் வைக்காதே.

விலகினால் என்ன ஆகும் என்று விசாரித்தாயா? 2012 செப்டம்பரில் ஜெர்மன் ஆயர்கள் ஓர் ஆணை வெளியிட்டார்கள். அரசு அலுவலகத்தில் விலகல் பதிந்தவர் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது, நற்கருணை வாங்க முடியாது, ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. மரண ஆபத்தில் மட்டும் விலக்கு. மனம் வருந்தியதற்கு அடையாளம் இல்லையென்றால் கோயில் அடக்கமும் மறுக்கப்படலாம். இதில் எனக்கு ஆயர்கள்மேல் கோபம்தான். 2006இல் ரோமாபுரி அனுப்பிய சுற்றறிக்கை, அரசு அலுவலகத்தில் போடும் கையெழுத்து மட்டுமே ஒருவரைத் திருச்சபையிலிருந்து பிரித்துவிடாது, மனத்தின் முடிவும் அதைத் திருச்சபை அதிகாரியிடம் வெளிப்படுத்துவதும் வேண்டும் என்றுதான் சொன்னது. ஆறு ஆண்டு கழித்து இவர்கள் வரிக்கும் அப்பத்துக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஓலை வாசிக்குமுன் பாக்கி கேட்கும் நம் கணக்குப்பிள்ளை ஜெர்மனியில் பிறந்திருந்தால் ஆயராகியிருப்பார் போலிருக்கிறது.

இரண்டாவது காரணத்தைப் பற்றி உன்னோடு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. 2018இல் வெளிவந்த ஆய்வு, 1946 முதல் 2014 வரையிலான கோப்புகளைப் பார்த்து, பாதிக்கப்பட்டவர்கள் 3,677 சிறுவர் சிறுமியர், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1,670 திருப்பணியாளர்கள் என்று கணக்குக் கொடுத்தது. கோப்பில் ஏறியவை மட்டும் அவ்வளவு. 2022இல் ஒரே ஆண்டில் ஐந்து லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? நான் ஆசிரியையாக இருந்தவள். ஒரு பிள்ளை வகுப்பில் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால் அதற்குப் பின்னால் என்ன இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். இங்கேயும் வெளுத்ததெல்லாம் பால் இல்லை. 2018இல் கொச்சியில் கன்னியர்கள் தெருவில் உட்கார்ந்து ஓர் ஆயருக்கு எதிராக நீதி கேட்டார்கள். 2022இல் விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீர்ப்பைப் பற்றி நான் பேசவில்லை. அந்தக் கன்னியர்கள் சீருடையைக் கழற்றாமல் தெருவில் உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் அன்று தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். விலகியிருந்தால் அவர்கள் குரல் இன்னொரு வழக்காக மட்டும் இருந்திருக்கும்.

உன் உண்மையான காரணம் மூன்றாவதுதான் என்று எனக்குப் படுகிறது. அப்பாவை அடக்கம் செய்த நாள் உனக்கு இன்னும் ஆறவில்லை. சடலம் கொண்டுபோகும் ஊர்த் தூம்பா நம் தெருவுக்கு வரவில்லை, நம் தெருத் தூம்பாவில்தான் கொண்டுபோனோம். கல்லறைத் தோட்டத்தின் பெரிய வாசல் வழியாக நுழையாமல் பின்பக்கச் சந்தில் நுழைந்தோம். நடுவில் அந்தச் சாதிச் சுவர். பங்குச்சாமி நல்ல மனிதர், இளைஞர், கண்ணீர் விட்டார். ஆனால் பெரிய வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ அன்றிரவு ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு வாரத்தில் விமானம் ஏறிவிட்டாய்.

இது நம் ஊரின் கதை மட்டும் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்துவிட்டது. தெற்கே வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலையே கால்சட்டையின் இரண்டு கால்போல் கட்டியிருந்தார்கள். அங்கே நடுவிலிருந்த தடுப்பை 1910வாக்கில் திருச்சி மறைமாவட்டம் எடுத்தபோது, மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் ஆயர்மேல் வழக்குப் போட்டு மதராஸ் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். கோயிலுக்குள் தனி இடம் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் நீதிமன்றத்தில் நூறு ஆண்டுக்கு முன்பே தோற்றுப்போன வழக்கு இது. நம் கல்லறையில் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. 1982இல் இந்திய ஆயர்கள் பேரவை கூடி, கிறிஸ்தவத்தில் சாதிக்கு இடமே இல்லை என்று அறிக்கை விட்டதே, அது எந்த ஊரில் தெரியுமா? இதே திருச்சியில். 2003இல் தமிழக ஆயர்கள் ரோமாபுரி போயிருந்தபோது இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் அவர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016இல் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒன்றையும் ஆயர் பேரவை வெளியிட்டது. காகிதத்தில் நமக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி.

காகிதம் என்றதும் படிவத்துக்கு வருகிறேன். உன் கேள்வியே அதுதானே, அரசாங்கப் படிவத்தில் மதம் எதற்கு என்று. நான் வேலை பார்த்த பள்ளியில் ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கைப் பதிவேட்டை நான்தான் எழுதுவேன். மதம், சாதி என்று அடுத்தடுத்து இரண்டு கட்டம். நம் தெருக்காரர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, அறையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "டீச்சர், இந்து என்றே போட்டுவிடுங்கள்" என்பார்கள். பையன் கழுத்தில் கத்தோலிக்கர் அணியும் உத்தரியம் தொங்கும். முதல் நாள் மாலைதான், அக்கம்பக்கத்தார் செபிக்கக் கூடும் அன்பியத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னவர்களாக இருப்பார்கள். கோயில் பதிவேட்டில் ஆரோக்கியமேரி; பள்ளிப் பதிவேட்டில் வெறும் மேரியும் இல்லை, மாரி.

அவர்களை இப்படி இரண்டு பெயரில் வாழவைத்தது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்று அதன் மூன்றாம் பத்தி சொல்கிறது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரும் இசுலாமியரும் வெளியிலேயே நிற்கிறோம். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், மற்றத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்குக் கிறிஸ்தவன் என்பதால் மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் போனார். அதே தெரு, அதே தொழில், அதே வெயில். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆதாரமா? ஒரு கல்லறைச் சுவரைப் பெயர்த்துக்கொண்டுபோய் நீதிமன்ற மேசைமேல் வைத்திருக்க வேண்டும்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே மதத்தையும் இந்தத் தகுதியையும் பிரித்துவிடும்படி பரிந்துரைத்தது. இதே கோரிக்கையோடு 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு கிடக்கிறது. கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் இந்தத் தகுதி வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் வைத்தது. அதற்குக் காலம் ஒருமுறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. இதற்கிடையில் 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. குழந்தையாக இருந்தபோது அவர் பெற்ற திருமுழுக்கே அவருக்கு எதிரான சான்றாக நின்றது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இன்னொரு மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஆனால் நம்புகிற மதத்தைச் சொன்னால் இருக்கிற சாதி இல்லையென்று ஆகிவிடும் என்று எழுதிவைத்திருப்பதில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று அந்த நீதிபதிகளிடம் கேட்க எனக்கு ஆசை.

உன் பெரியம்மாவின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அவள் மாமா வீட்டில் தங்கிப் படித்தவள். மாமா சாமர்த்தியசாலி, இந்து என்று எழுதிவைத்தார். என்னைப் பள்ளியில் சேர்த்தது தாத்தா. தலைமையாசிரியரே, வேண்டாமய்யா, பிள்ளையின் எதிர்காலத்தைப் பாருங்கள் என்றாராம். தாத்தா, "திருமுழுக்குத் தண்ணீர் காய்ந்துபோகவில்லை, கிறிஸ்தவள் என்றே எழுதுங்கள்" என்றாராம். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் அக்கா பட்டியல் சாதி, நான் பிற்படுத்தப்பட்டவள். அவளுக்கு இருபத்து மூன்று வயதில் அரசு வேலை கிடைத்தது. எனக்குத் தாத்தா காலில் விழுந்து கும்பிட்டு வாங்கிய சபைப் பள்ளி வேலை. அக்கா பணியில் இருந்த காலமெல்லாம் அலுவலகத்துக்காரர் கண்ணில் படாமல் அதிகாலை ஐந்து மணிப் பூசைக்கு வேறு பங்குக்குப் போவாள். பணி ஓய்வு பெற்ற அன்று மாலை திரு இருதய ஆண்டவர் படத்தை உள்ளறையிலிருந்து எடுத்துவந்து கூடத்தில் மாட்டினாள். அவளைப் பொய்க்காரி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். தாத்தா சரி, மாமா தவறு என்றும் சொல்லமாட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

ஆனால் நீ தாத்தாவின் பக்கம் போனாய். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விண்ணப்பம் போடும்போது, சான்றிதழை மாற்றித் தரும் ஆள் ஒருவரைச் சித்தப்பா கூட்டிவந்தார். நீ அந்த ஆளை வாசலிலேயே அனுப்பிவிட்டாய். கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் என்றே போட்டாய். நீ கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை. இரண்டாவது வரிசைக் கல்லூரியில் படித்து, அங்கிருந்து இவ்வளவு தூரம் போயிருக்கிறாய். அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதியதற்கு நீ கொடுத்த விலை நூற்றுக்கு எட்டைவிடப் பெரியது என்று எனக்குத் தெரியும். அவ்வளவு கொடுத்தவன் இப்போது இந்த எட்டுக்காக அழிக்கப்போகிறான் என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. விசுவாசமே போய்விட்டது என்று சொல், வாயை மூடிக்கொள்கிறேன். அது உனக்கும் ஆண்டவருக்கும் இடையே உள்ள காரியம், அம்மாவுக்கு அதில் வேலை இல்லை. ஆனால் நீ அப்படி எழுதவில்லையே. விசுவாசம் மனத்தில் இருக்கிறது என்றல்லவா எழுதியிருக்கிறாய்.

என் விசுவாசத்தைப் பற்றி நீ கேட்டதில்லை, கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் வந்து சுவரை இடிப்பார் என்று நான் காத்திருக்கவில்லை. மாலைச் செபத்தில் மாதாவின் பாடலைச் சொல்கிறோம் அல்லவா, வலியவர்களை அரியணையிலிருந்து தள்ளி, தாழ்ந்தவர்களை உயர்த்தினார் என்று. அதை ஊர்த்தெருவிலும் சொல்கிறார்கள், நம் தெருவிலும் சொல்கிறோம். அவர்கள் அதை எப்படிக் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள் என்று எனக்கு வெகுநாள் வியப்பு. இப்போது எனக்கு ஒரு திருப்தி. தினமும் தங்களுக்கு எதிராகத் தாங்களே சாட்சி சொல்கிறார்கள். அந்தப் பாடலை எனக்குக் கொடுத்தது இந்தத் திருச்சபைதான், சுவரைக் கட்டியவர்களும் இதற்குள்தான் இருக்கிறார்கள். பாடலைச் சுவர்க்காரர்களிடம் விட்டுவிட்டு நான் ஏன் வெளியே போக வேண்டும்?

திருச்சபை என்றால் நம் பங்கு மேடை மட்டும் இல்லையே. நம் பக்கத்து விரகாலூரில் 1937இல் பிறந்த ஸ்டான் சுவாமி இயேசு சபையில் சேர்ந்து ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்தார். விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனார். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் அவரையே விசாரணைக் கைதி ஆக்கினார்கள். நடுக்கவாத நோயால் டம்ளர் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் வைத்த கோப்பை கேட்டார்; அதற்கும் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5ஆம் நாள், ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்துபோனார். வயது 84. அன்று நம் அன்பியத்தில் அவருக்காகச் செபித்தோம். பெரிய தெருக்காரர்கள் சிலர், அரசியல் நமக்கு எதற்கு என்று முணுமுணுத்தார்கள். தேர்தல் வந்தால் மட்டும் எந்தச் சின்னத்துக்குப் போடுவது என்று அவர்களுக்கு மேடையிலிருந்து சாடை காட்ட வேண்டும்! 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது எல்லோரும் தெருவுக்கு வந்தோம். நீ அப்போது கைக்குழந்தை. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்ற பிறகு அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். நம் நிறுவனங்களுக்கு ஆபத்து என்றால் ஆயர்கள் முதல் உபதேசியார் வரை ஊர்வலம் வருகிறார்கள். 1950 ஆணைக்காகவும் ஆகஸ்டு 10இல் கறுப்பு நாள் அனுசரிக்கிறோம், உண்மைதான். கூட்டத்தின் அளவை மட்டும் ஒப்பிட்டுப் பார்.

நீ கேட்கலாம், அம்மா உள்ளே இருந்து என்ன சாதித்தாய் என்று. பெரிதாக ஒன்றும் இல்லை. பிரான்சிஸ் பாப்பரசர் 2021இல் ஒன்றிணைந்து பயணித்தல் பற்றிய ஆயர் மாமன்றத்தைத் தொடங்கி, உலகம் முழுவதும் சாதாரண விசுவாசிகளைக் கேட்கச் சொன்னார். நம் அன்பியத்திலும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். நான் எழுந்து கல்லறைச் சுவரைப் பற்றிப் பேசினேன், தூம்பாவைப் பற்றிப் பேசினேன், தேர் நம் தெரு முனையில் திரும்பிவிடுவதைப் பற்றிப் பேசினேன். குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மேலே போய்ச் சேர்ந்த தொகுப்பில் அது 'சில சமூகச் சவால்கள்' என்று ஆகிவிட்டது. மூன்று சொல்லில் ஒரு சுவரை மறைத்துவிட்டார்கள். இப்படி எழுத என் மாணவர்களுக்குக்கூட நான் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் 2024 அக்டோபரில் மாமன்றம் முடிந்து வந்த இறுதி ஆவணம், பங்குகளிலும் மறைமாவட்டங்களிலும் பேரவைகள் பெயருக்கு இருந்தால் போதாது, கணக்கும் பொறுப்பும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212ஆம் சட்டமும் அதைத்தான் முன்பே சொன்னது. திருச்சபையின் நன்மை குறித்துத் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில வேளை அது கடமையும்கூட. 537ஆம் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. இரண்டையும் தமிழில் தட்டச்சு செய்து அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு எடுத்துப்போகிறேன். புதிய பங்குச்சாமி படித்தவர்; படித்தவரிடம் படித்ததைக் காட்டினால் சும்மா இருக்க முடியாது.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ இருக்கும் ரோட்டன்பர்க்-ஷ்டுட்கார்ட் மறைமாவட்டத்தில் பங்குப் பேரவையை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், பங்கின் வரவு செலவையும் அந்தப் பேரவைதான் முடிவு செய்கிறது என்று படித்தேன். நான் இங்கே கணக்கு நோட்டை ஒருமுறை கண்ணால் பார்க்கப் படாத பாடு படுகிறேன். உனக்கு அங்கே ஓட்டே இருக்கிறது, நீ அதை ஒருநாளும் போட்டதில்லை. கொடுக்கிற பணம் எங்கே போகிறது, பழைய கொடுமைகளுக்கு ஈடு கொடுத்தார்களா, இனி நடக்காமல் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்க அங்கே உனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. விலகியவனுக்கு அது இல்லை. போய்க் கேட்டுப் பார். கேட்ட பிறகும் கதவை அடைக்கிறார்கள் என்றால் கையெழுத்துப் போடு. அப்போது உன்னைத் தடுக்க என்னிடம் ஒரு சொல்லும் இருக்காது.

தனியாகப் பூசைக்குப் போகப் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். ஆண்டுதோறும் ஆகஸ்டில் கெவெலார் மாதா கோயிலுக்கு ஜெர்மனியிலுள்ள ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்களாம். தமிழ்ப் பூசை உண்டு, இந்துக்களும் வருகிறார்களாம், நம் வேளாங்கண்ணிபோல. உனக்குத் தொலைவுதான், ரயிலில் போய்விடலாம். பாதி நாள் போரைப் பற்றியும் பாதி நாள் சாப்பாட்டைப் பற்றியும் பேசுவார்கள், உனக்குப் பிடிக்கும்.

இங்கே பேரவைக் கூட்டம் வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும். பொருள் நிரலில் கல்லறைத் தோட்டம் ஐந்தாவது, திருவிழாக் கொடியேற்றச் செலவு முதலாவது. ஐந்தாவதை முதலாவதாக எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தெருவிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஊர்த்தெருவில் நான்கு வீடு போட்டிருக்கிறது. மூவர் என் மாணவர்கள், நான்காவது யாரென்று நீ நம்பமாட்டாய், தேர்க்கமிட்டித் தலைவரின் மருமகள். மாமனாருக்கு இன்னும் தெரியாது. கூட்டம் முடிந்ததும் கூப்பிடுகிறேன், தொலைபேசியை அணைத்துவைத்துத் தூங்காதே.

அன்புடன்,
அம்மா